ஆப்ட் அப்டேட் அடித்தால் சிவப்பு எழுத்தா? ரெப்போ, சாவிக் கோளாறுகளுக்கு அறிகுறி வாரியாக வைத்தியம்

மாதத்துக்கு நாலு தடவையாவது இந்த போன் வந்துவிடும். "அண்ணே, அப்டேட் அடிச்சா என்னமோ சாவி இல்லைங்குது. வீடியோ பார்த்து ஒரு கமாண்ட் போட்டேன். இப்ப எதுவுமே இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது." தெரிந்தவர்களின் லேப்டாப்பிலும் ஒரு கல்லூரி லேபிலும் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகளை ஏற்றிக் கொடுத்த பாவம், விடாமல் துரத்துகிறது. ஒரே கோளாறை நாற்பது பேருக்குப் போனில் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். ஆப்ட் என்பது இவற்றில் மென்பொருளை நிறுவி, புதுப்பிக்கும் கருவி. ரெப்போ என்பது அது பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, எடுக்கும் இணையக் கிடங்கு. அந்தக் கிடங்கின் கையொப்பம் உண்மையா என்று சரிபார்ப்பதற்குத்தான் சாவி.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். கட்டளைகளும் கோப்புப் பாதைகளும் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மென்பொருள் அப்டேட்டரின் ஜன்னலை மூடிவிடுங்கள். அது பிழையைப் பாதி விழுங்கிவிட்டு, "இணையத்தைச் சரிபாருங்கள்" என்று பொதுவாக எதையாவது சொல்லும். டெர்மினலைத் திறந்து "சூடோ ஆப்ட் அப்டேட்" அடியுங்கள். "எர்" என்று தொடங்கும் வரியில் ஒரு இணைய முகவரி இருக்கும். உங்கள் வேலை அந்த முகவரியோடுதான். பத்து ரெப்போ இருக்கும் கணினியில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் அடம்பிடிக்கும்.

அந்த முகவரி டெபியன், உபுண்டுவின் சொந்த ரெப்போ இல்லையென்றால் முதலுதவி சுலபம். /ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற கோப்புறைக்குள் அதற்கான கோப்பு இருக்கும். அதன் பெயருக்குப் பின்னால் .டிசேபிள்டு என்று சேர்த்துவிடுங்கள். ஆப்ட் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், மற்ற அப்டேட்கள் நடக்கும். அழிக்க வேண்டாம், பிறகு தேவைப்படும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ரெப்போவின் முகவரி எழுதியிருக்கும் சோர்ஸ் வரியில் "டிரஸ்டட்=யெஸ்" சேர்ப்பது, அல்லது "--அலவ்-அன்ஆதென்டிகேட்டட்" போட்டு நிறுவுவது. நாய் குரைக்கிறதே என்று நாயைத் துரத்துகிற கதை. பேக்கேஜுக்குள் வரும் நிறுவல் நிரல் ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

## அறிகுறி: "நோ பப்கீ" அல்லது "மிஸ்ஸிங் கீ"

அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். டெபியன் 13 வந்த பிறகு வாசகம் கொஞ்சம் மாறி "மிஸ்ஸிங் கீ" என்று வருகிறது. நோய் ஒன்றுதான்: கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி ஆப்ட்டுக்குக் கிடைக்கவில்லை. சாவி கணினியில் இல்லை என்று அர்த்தமில்லை. நான் பார்த்தவற்றில் பல முறை சாவி அங்கேயேதான் கிடந்தது.

### சாவிக் கோப்பு இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

பிழைக்கு மேலே "நாட் ரீடபிள்" என்று ஒரு வரி வந்திருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆப்ட் இணையத்திலிருந்து எடுப்பதையும் சரிபார்ப்பதையும் ரூட்டாகச் செய்வதில்லை. அடிக்கோடு-ஆப்ட் என்ற அதிகாரம் குறைந்த பயனராக மாறித்தான் செய்கிறது. சாவிக் கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) என்றிருந்தால் அந்தப் பயனருக்குக் கதவு மூடியிருக்கும்.

"எல்எஸ் -எல் /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்" அடித்துப் பாருங்கள். "சூடோ சிஎச்மாட் 644" என்று கோப்பின் பெயரோடு கொடுத்தால் முடிந்தது. ஐந்து நொடி வேலை. இதற்காக ஒருவர் கணினியையே பார்மட் செய்துவிட்டார்.

### பின்னொட்டு தவறு

சாவி இரண்டு வடிவில் வரும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் "பிகின் பிஜிபி பப்ளிக் கீ பிளாக்" என்று எழுத்துகளாகத் தெரிந்தால் பெயர் .ஏஎஸ்சி என்று முடிய வேண்டும். குப்பை எழுத்தாகத் தெரிந்தால் .ஜிபிஜி. மாற்றி வைத்தால் "அன்சப்போர்ட்டட் பைல்டைப்" என்று முனகிவிட்டுச் சாவியை ஒதுக்கிவிடும். பெயரை மாற்றுங்கள். சோர்ஸ் கோப்பில் "சைன்டு-பை" வரியிலும் அதே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். "கீரிங்ஸ்" என்பதில் கடைசி எஸ் விட்டுப்போவது தினசரிக் கூத்து.

### அது சாவியே இல்லை

"பைல்" என்று ஒரு கட்டளை உண்டு. அதோடு சாவிக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். "பிஜிபி பப்ளிக் கீ" என்று வந்தால் நல்லது. "எச்டிஎம்எல் டாக்குமென்ட்" என்று வந்தால், முகவரி மாறிப்போய் ஏதோ வலைப்பக்கத்தை இறக்கிச் சாவி என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். "எம்ப்டி" என்று வந்தால் இறக்கும் கட்டளையான கர்ல் நடுவில் தோற்றிருக்கிறது, ஆனால் குழாய்க் குறிக்கு (|) அந்தப் பக்கம் இருந்த கட்டளை வெறும் கோப்பை உருவாக்கிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

### சாவி நிஜமாகவே இல்லை, அல்லது மாறிவிட்டது

இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய வழிகாட்டிகளில் "ஆப்ட்-கீ ஏடிவி --கீசர்வர்" என்று ஒரு நீளமான வரி இருக்கும். அதை மறந்துவிடுங்கள். டெபியன் 13-இல் ஆப்ட்-கீ என்ற கருவியே கிடையாது, "கமாண்ட் நாட் பவுண்ட்" என்றுதான் வரும். இன்னும் இருக்கிற கணினியிலும் அது சாவியைப் பொதுக்கொத்தில் கோத்துவிடும். கொத்தில் சேர்ந்த சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லுபடியாகும். பிரவுசருக்காகச் சேர்த்த சாவியால் உங்கள் கெர்னலுக்கும் (லினக்ஸின் மையப்பகுதி) கையொப்பம் போடலாம் என்றால் எப்படி இருக்கும்?

சரியான வழி இதுதான். மென்பொருள் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் நிறுவும் முறை என்ற பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறி முதலில் காட்டும் வேறு யாரோ எழுதிய பக்கம் வேண்டாம். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா பாருங்கள். சாவியை முதலில் டிஎம்பி கோப்புறைக்கு இறக்குங்கள். "ஜிபிஜி --ஷோ-கீஸ்" என்று கொடுத்து அதன் கைரேகையைப் பாருங்கள், 40 எழுத்து இருக்கும். அதைத் தயாரிப்பாளர் தளத்தில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். கடைசி 8 எழுத்து பொருந்தினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்டோரின் சாவிகளுக்கு அதே 8 எழுத்து வரும்படி யாரோ செய்த போலிகள் 2016-இல் கீசர்வர்களில், அதாவது சாவிகளைப் பொதுவில் வைக்கும் சர்வர்களில், கிடந்தன.

பொருந்தினால் கோப்பை /ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் கோப்புறைக்கு நகர்த்தி, 644 அனுமதி கொடுத்து, சோர்ஸ் வரியில் இப்படிக் கட்டிவிடுங்கள்: டெப், இடைவெளி, சதுர அடைப்புக்குள் சைன்டு-பை=சாவியின் முழுப்பாதை, பிறகு முகவரி, வெளியீட்டுப் பெயர், மெயின். இனி அந்தச் சாவி அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும்தான்.

சாவி மாறுவது அவ்வளவு அபூர்வமும் இல்லை. 2025 ஏப்ரலில் காலி லினக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் குழுவினர் தங்கள் பழைய கையொப்பச் சாவியைக் கையாள முடியாமல் போய், புதியது உருவாக்கினார்கள். காலி வைத்திருந்த எல்லாருக்கும் அப்டேட் நின்றது. அப்போது எனக்கு வந்த போன்களில் பாதிப் பேர் "ஹேக் ஆகிடுச்சா" என்றுதான் கேட்டார்கள். பழைய சாவி திருடுபோகவில்லை என்பதையும் புதியதை எங்கே எடுப்பது என்பதையும் காலி குழுவினரே தங்கள் தளத்தில் எழுதியிருந்தார்கள். அறிவிப்பைப் படித்து, கைரேகையை ஒப்பிட்டு, சாவியை மாற்றினால் தீர்ந்தது.

எப்போது நிறுத்த வேண்டும்: டெபியன், உபுண்டுவின் சொந்த ரெப்போவே திடீரென்று சாவி இல்லை என்கிறது, அவர்கள் தளத்தில் ஓர் அறிவிப்பும் இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். "உபுண்டு-கீரிங்" அல்லது "டெபியன்-ஆர்கைவ்-கீரிங்" பேக்கேஜ் பழையதாக இருந்தால் இப்படி வரும், அது சாதாரணம். அதுவும் புதிதாகவே இருந்தால் நெட்வொர்க் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். வழியில் யாரோ உட்கார்ந்திருக்கலாம்.

## அறிகுறி: "எக்ஸ்ப் கீ சிக்", அதாவது சாவி காலாவதி

சாவி இருக்கிறது, தேதி முடிந்துவிட்டது. பெரும்பாலும் தயாரிப்பாளர் அதே சாவியின் ஆயுளை நீட்டிப் புதிதாக வெளியிட்டிருப்பார். உங்களிடம் இருப்பது பழைய நகல். அதே பக்கத்திலிருந்து மறுபடி இறக்கி மேலே சொன்னபடி பாருங்கள். கைரேகை மாறாமல் தேதி மட்டும் தள்ளிப்போயிருந்தால் தயக்கமில்லாமல் மாற்றலாம்.

தளத்தில் இருப்பதும் காலாவதி ஆகியிருந்தால் அந்த ரெப்போவை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். .டிசேபிள்டு போட்டுவிட்டு மாற்று மென்பொருள் தேடுங்கள். கணினியின் தேதியைப் போன வருடத்துக்கு மாற்றி அப்டேட் செய்த ஒரு மாமேதையையும் சந்தித்திருக்கிறேன். அன்று அவருக்கு அந்த ரெப்போ அப்டேட் ஆனது, வங்கித் தளம் எதுவும் திறக்கவில்லை.

இதன் பங்காளி ஒன்று 2026 பிப்ரவரி 1-க்குப் பிறகு தலைகாட்டத் தொடங்கியது. "பாலிசி ரிஜெக்டட்", "எஸ்எச்ஏ1 பாதுகாப்பானதில்லை" என்று டெபியன் 13 சொல்லும். பழைய முறையில் போட்ட கையொப்பங்களை அந்தத் தேதிக்கு மேல் ஏற்காது. உங்கள் பக்கம் தவறில்லை. புதிய சாவி வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள், இல்லையென்றால் அவருக்கு எழுதுங்கள்.

## அறிகுறி: "ரிலீஸ் பைல் நாட் வேலிட் யெட்"

"இன்னும் இத்தனை மணி நேரத்துக்குச் செல்லாது" என்று வந்தால் சாவியைத் தொடாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் கணினி நேற்றில் நிற்கிறது, ரெப்போ இன்றில் இருக்கிறது.

"டைம்டேட்சிடிஎல்" என்று மட்டும் அடியுங்கள். நேரம் தவறாக இருந்தால் "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

சரியாக 5 மணி 30 நிமிடம் விலகியிருந்தால் விண்டோசும் லினக்சும் ஒரே கணினியில் குடியிருக்கின்றன என்று கேட்காமலே சொல்லிவிடலாம். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். ஒன்று எழுதியதை மற்றொன்று தவறாகப் படிக்கும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவர வேண்டும். சுலபம் என்றால் "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1". இதை அடித்தால் கருவியே ஓர் எச்சரிக்கை கொடுக்கும். வீட்டுக் கணினிக்கு அதனால் பெரிய பாதகமில்லை.

விண்டோசுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருக்கிறீர்களா? லேப்டாப்பை மூடித் திறந்தால் அதன் கடிகாரம் பின்தங்கி நிற்கும். விண்டோஸ் பக்கத்தில் "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" கொடுத்துவிட்டு மறுபடி திறங்கள். இடைநிறுத்தி எழுப்பிய மெய்நிகர் கணினிகளுக்கும் இதே வியாதி உண்டு.

ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்தாலும் தேதி பல வருடம் பின்னால் ஓடுகிறதென்றால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மேசைக் கணினியில் மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் அதைத் தேடி அடிமூடியைக் கழற்றுவதென்றால் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

## அறிகுறி: "கிளியர்சைன்டு பைல் இஸ்ன்ட் வேலிட், நோஸ்ப்ளிட்"

ஹாஸ்டலிலிருந்து போன் வந்தால் நான் முதலில் ஊகிப்பது இதைத்தான். பிழையின் கடைசியில் "நெட்வொர்க்குக்கு லாகின் தேவையா" என்று ஆப்ட்டே கேட்டிருக்கும். வைபை இணைந்திருக்கிறது, ஆனால் லாகின் பக்கம் இன்னும் தாண்டவில்லை. ஆப்ட் ரெப்போவைக் கேட்டால் நெட்வொர்க் லாகின் பக்கத்தைக் கொடுக்கிறது. பிரவுசரைத் திறந்து லாகின் செய்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

லாகின் ஆகியும் தொடர்ந்தால் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை முயலுங்கள். அதில் ஓடினால் கோளாறு உங்கள் கணினியில் இல்லை. கல்லூரி, அலுவலகத்தின் பிராக்ஸி (இணையத்துக்கு நடுவில் வைத்த இடைச் சர்வர்) குறுக்கே நிற்கிறது. அங்கே நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பிழை வரியைப் படம் எடுத்து நெட்வொர்க் பார்ப்பவருக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: "404 நாட் பவுண்ட்" அல்லது "ரிலீஸ் பைல் இல்லை"

ஒரே பிழை, நாலைந்து காரணம். எப்போது வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

### நிறுவும்போது மட்டும் வருகிறது

அப்டேட் ஓடுகிறது, இன்ஸ்டால்தான் 404 என்றால், உங்களிடம் இருக்கும் பட்டியல் பழசு. "சூடோ ஆப்ட் அப்டேட்" ஓட்டிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

### மின்ட்டில் மட்டும் வருகிறது

உபுண்டுவுக்கு எழுதிய வழிகாட்டியை மின்ட்டில் ஓட்டியிருப்பீர்கள். பழைய வழிகாட்டிகள் "எல்எஸ்பி_ரிலீஸ் -சிஎஸ்" என்ற கட்டளையால் வெளியீட்டுப் பெயரை எடுத்து சோர்ஸ் வரியில் வைக்கும். மின்ட் 22-இல் அது "வில்மா" என்று பதில் சொல்லும், 22.1-இல் "சியா". வெளியார் ரெப்போக்களில் அப்படிப் பெயருள்ள கோப்புறை கிடையாது. அவர்களுக்குத் தெரிந்தது "நோபிள்", அதாவது உபுண்டு 24.04. மின்ட் 21 வரிசை, வனெசாவிலிருந்து விர்ஜினியா வரை, "ஜாமி" மேல் நிற்கிறது.

/ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து "உபுண்டு_கோட்நேம்" என்ற வரியைப் பாருங்கள். அந்தப் பெயரை சோர்ஸ் கோப்பில் மாற்றி எழுதுங்கள். டெபியன் அடித்தளத்தில் வரும் மின்ட்டான எல்எம்டிஇ வைத்திருப்பவர்களுக்கு இந்த வரி உதவாது. எல்எம்டிஇ 6 என்றால் "புக்வேர்ம்" என்று எழுதுங்கள்.

இன்னொரு கூத்து, டெபியனில் உபுண்டுவின் பிபிஏவை, அதாவது உபுண்டுவுக்காக வெளியார் நடத்தும் ரெப்போவை, சேர்ப்பது. கட்டளை ஓடினாலும் அப்டேட்டில் 404 வரும். பெயரை மாற்றி எழுதி ஓட வைத்தாலும் நூலகப் பதிப்புகள் முட்டிக்கொள்ளும். நீக்கிவிடுங்கள்.

### உங்கள் வெளியீட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது

உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) அல்லாத வெளியீடுகளுக்கு 9 மாதம்தான் வாழ்வு. 23.10 என்றால் 2024 ஜூலையோடு முடிந்தது, 24.10 என்றால் 2025 ஜூலையோடு. முடிந்த கொஞ்ச காலத்தில் கோப்புகளை ஓல்ட்-ரிலீசஸ் என்ற சர்வருக்கு மாற்றிவிடுவார்கள். சோர்ஸ் கோப்பில் ஆர்கைவ், செக்யூரிட்டி இரண்டு முகவரிகளையும் ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம் என்று மாற்றினால் அப்டேட் ஓடும்.

ஓடுகிறதே என்று அங்கேயே குடியிருக்காதீர்கள். அங்கே பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. அடுத்த வெளியீட்டுக்கு ஏறுவதற்கான படிக்கட்டு அது. இரண்டு மூன்று வெளியீடு பின்தங்கியிருந்தால் ஒவ்வொன்றாக ஏறுவதைவிட, வீட்டுக் கோப்புறையை நகலெடுத்துவிட்டு எல்டிஎஸ்ஸைப் புதிதாக ஏற்றுவது பாதி நேரத்தில் முடியும்.

டெபியனில் பழையவை ஆர்கைவ்.டெபியன்.ஆர்க் சர்வரில் இருக்கும். அங்கே "ரிலீஸ் பைல் எக்ஸ்பயர்டு" என்றும் சேர்ந்து வரும். காப்பகம் என்பதால் அந்தத் தேதியை இனி யாரும் புதுப்பிக்கப் போவதில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் சதுர அடைப்பில் "செக்-வேலிட்-அன்டில்=நோ" போடலாம். நடப்பு வெளியீட்டின் ரெப்போவில் எக்ஸ்பயர்டு வந்தால் இதைப் போடாதீர்கள். அங்கே காரணம் உங்கள் கடிகாரம் முன்னால் ஓடுவது, அல்லது ரெப்போவின் நகலைத் தரும் மிரர் சர்வர் பல நாளாகத் தூங்குவது.

### டெபியனில் செக்யூரிட்டி வரி மட்டும் தோற்கிறது

10-லிருந்து 11-க்குப் போனவர்கள் பெயரை மட்டும் மாற்றி "புல்ஸ்ஐ/அப்டேட்ஸ்" என்று எழுதியிருப்பார்கள். 11 முதல் அந்த வடிவமே மாறிவிட்டது. "புல்ஸ்ஐ-செக்யூரிட்டி", "புக்வேர்ம்-செக்யூரிட்டி", "ட்ரிக்சி-செக்யூரிட்டி" என்று எழுத வேண்டும்.

## அறிகுறி: "கான்ஃப்ளிக்டிங் வேல்யூஸ் சைன்டு-பை"

இது வந்தால் அப்டேட் மட்டுமல்ல, இன்ஸ்டாலும் நின்றுவிடும். ஆப்ட் மொத்தப் பட்டியலையும் படிக்க மறுக்கும். பயமாகத் தெரியும், ஆனால் எளிது. ஒரே ரெப்போவுக்கு இரண்டு கோப்பு, ஒவ்வொன்றும் வேறு சாவியைக் காட்டுகிறது.

எப்படி வருகிறது என்றால், வழிகாட்டியைப் பார்த்து நீங்கள் ஒரு சோர்ஸ் கோப்பு எழுதுவீர்கள். பிறகு அந்த மென்பொருளை நிறுவும்போது, பேக்கேஜே தன் பங்குக்கு இன்னொரு கோப்பை வைத்துவிடும். பிரவுசர்களும் நிரல் எடிட்டர்களும் இதில் கைதேர்ந்தவை.

பிழையில் வரும் முகவரியை எடுத்து "கிரெப் -ஆர்" கட்டளையால் /ஈடிசி/ஆப்ட் முழுவதும் தேடுங்கள். இரண்டு கோப்பு அகப்படும். நீங்கள் எழுதியதற்கு .டிசேபிள்டு போடுங்கள், பேக்கேஜ் வைத்ததை விடுங்கள். மாற்றிச் செய்தால் அடுத்த அப்டேட்டில் அது மறுபடி முளைக்கும்.

## அறிகுறி: "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்"

இறக்கிய கோப்பின் ஹேஷ், அதாவது சரிபார்ப்பு எண், பொருந்தவில்லை. மிரர் சர்வர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நடுவில் நீங்கள் போயிருக்கலாம். டீ குடித்துவிட்டு வந்து அடியுங்கள். பாதி நேரம் தானாகச் சரியாகிவிடும்.

ஆகவில்லையா? /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் கோப்புறைக்குள் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி அப்டேட். சூடோவோடு அழிக்கும்போது பாதைக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே இடைவெளி விழாமல் பாருங்கள். விழுந்தால் வேறு ஒரு வழிகாட்டி தேட வேண்டியிருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் நாட்டு மிரரை விட்டு முதன்மை சர்வருக்கு மாறுங்கள். சோர்ஸ் முகவரியின் முன்னால் இருக்கும் "ஐஎன்" என்ற இரண்டு எழுத்தையும் அடுத்த புள்ளியையும் எடுத்தால் போதும். ஹாட்ஸ்பாட் சோதனையையும் செய்யுங்கள். பழைய நகலை நீட்டும் பிராக்ஸி இதற்குப் பெயர் போனது.

எந்த நெட்வொர்க்கிலும், எந்த மிரரிலும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் ஹேஷ் தவறினால் வன்பொருளைச் சந்தேகப்படுங்கள். லேபில் ஒரு கணினி இரண்டு வாரம் என்னை இப்படி அலைக்கழித்தது. மூன்று முறை ஓஎஸ் ஏற்றினேன். கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. ரேம் குச்சியை மாற்றியதும் எல்லாம் அமைதி. மெம்டெஸ்டை முதல் வாரமே ஓட்டியிருக்கலாம். ரேம் சுத்தமாக இருந்தால் வட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அதற்குமுன் உங்கள் கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: "மால்ஃபார்ம்டு" அல்லது "டைப் நாட் நோன் ஆன் லைன் 1"

சோர்ஸ் கோப்பில் எழுத்துப் பிழை. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று பிழையே சொல்லும். "டாக்டைப்" என்ற சொல் தெரிந்தால் அங்கேயும் வலைப்பக்கத்தைத்தான் இறக்கி வைத்திருக்கிறீர்கள். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியதில் மேற்கோள் குறிகள் வளைந்த வடிவில் வந்திருந்தாலும் இப்படி ஆகும். புதிய .சோர்சஸ் வடிவக் கோப்பென்றால் இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம்.

## அறிகுறி: சூட் மாறியது என்கிறது

சூட் என்பது ரெப்போவின் வெளியீட்டு நிலையைச் சொல்லும் பெயர். "ஸ்டேபிள் என்றிருந்தது ஓல்ட்ஸ்டேபிள் ஆகிவிட்டது" என்று டெபியன் சொல்லும், சில பதிப்புகளில் ஏற்கிறீர்களா என்றும் கேட்கும். 2025 ஆகஸ்டில் 13 வெளியானபோது 12 ஓல்ட்ஸ்டேபிள் ஆனது. கேட்டால் "ஒய்" அடியுங்கள். வெளியார் ரெப்போ ஒன்று தன் "ஆரிஜின்" மாறிவிட்டது என்றால் மட்டும் அவர்கள் தளத்தில் காரணம் இருக்கிறதா பார்த்துவிட்டு அடியுங்கள்.

## அறிகுறி: மஞ்சள் எச்சரிக்கைகள் மட்டும்

"ஐ386 (பழைய 32-பிட் வகை) ஆதரவில்லை" என்றால் அந்த சோர்ஸ் வரியின் சதுர அடைப்புக்குள் "ஆர்க்=ஏஎம்டி64" சேர்த்தால் வாயடைக்கும். "பலமுறை அமைக்கப்பட்டுள்ளது" என்றால் ஒரே வரி இரண்டு இடத்தில், ஒன்றை நீக்குங்கள். "லெகஸி டிரஸ்டட்.ஜிபிஜி" என்றால் பழைய பொதுக்கொத்தில் இன்னும் சாவி தொங்குகிறது. இன்று வேலை செய்யும். அடுத்த பெரிய அப்கிரேடுக்கு முன் தனிச் சாவியாகக் கீரிங்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் வேண்டியது வரவில்லை

இதுதான் தலைமுடியைப் பிய்க்க வைப்பது. எல்லாம் பச்சை, ஆனால் பேக்கேஜ் கிடைக்கவில்லை, அல்லது தவறான இடத்திலிருந்து வருகிறது. "ஆப்ட் பாலிசி" என்று பேக்கேஜ் பெயரோடு அடியுங்கள். எந்த ரெப்போவில் எந்தப் பதிப்பு, எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறது என்று எல்லாம் தெரியும்.

உங்கள் ரெப்போவே அந்தப் பட்டியலில் இல்லையென்றால், அண்மையில் உபுண்டுவை அப்கிரேட் செய்தீர்களா? அப்போது வெளியார் ரெப்போக்களை அதுவே அணைத்துவிடும், பிறகு நாம்தான் திறக்க வேண்டும். கோப்பில் "எனேபிள்டு: நோ" என்றோ வரியின் முன்னால் ஹேஷ் குறியோ இருக்கும். வெளியீட்டுப் பெயரையும் மாற்றித் திறங்கள். மாதக்கணக்கில் பிரவுசர் அப்டேட் இல்லாமல் ஓட்டியவர்கள் எல்லாரும் இந்த ரகம்தான்.

டெபியன் 12-க்கு ஏறியதும் வைபை பர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால், அது "நான்-ஃப்ரீ" பகுதியிலிருந்து "நான்-ஃப்ரீ-பர்ம்வேர்" என்ற புதுப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தச் சொல்லை சோர்ஸ் வரியில் சேருங்கள்.

இனி பயர்பாக்ஸ். உபுண்டு 22.04 முதல் அது ஸ்னாப்பாக, அதாவது ஆப்ட்டுக்கு வெளியே உள்ள வேறு வகைப் பொதியாக, வருகிறது. மொசில்லாவின் சொந்த ரெப்போவைச் சேர்த்து, சாவியும் சரியாக வைத்து, நிறுவினால் மறுபடி ஸ்னாப்பே வரும். காரணம் பதிப்பு எண். உபுண்டு வைத்திருக்கும் வெற்றுப் பேக்கேஜின் பதிப்பு "1:1ஸ்னாப்1" என்று தொடங்கும். முன்னால் இருக்கும் அந்த "1:" எப்போதும் முந்திக்கொள்ளும், மொசில்லாவின் எண் நூற்றைத் தாண்டியிருந்தாலும் ஆப்ட்டின் கண்ணுக்கு அது சின்னது. அதனால்தான் /ஈடிசி/ஆப்ட்/ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் ஒரு கோப்பு வைத்து, மொசில்லா ரெப்போவுக்கு "பின்-ப்ரையாரிட்டி: 1000" கொடுக்கச் சொல்கிறார்கள். 1000 என்றால் எண் குறைவாக இருந்தாலும் இதையே எடு என்று பொருள். பலர் வழிகாட்டியில் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ரெப்போவைத் திட்டுவார்கள். இதே எண்ணை எல்லா ரெப்போவுக்கும் கொடுத்துவிடாதீர்கள், புதிய பதிப்பில் இருக்கும் பேக்கேஜ்களும் பின்னோக்கி இறங்கக்கூடும்.

## யாரையாவது கூப்பிட வேண்டிய இடம்

வீட்டுக் கணினியென்றால் மேலே உள்ள எதையும் நீங்களே பார்க்கலாம். கெட்டுப்போனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நஷ்டம்.

பலர் பயன்படுத்தும் சர்வர், பில்லிங் ஓடும் கடைக் கணினி, லேபின் உள்ளூர் மிரர் இவற்றில் சோர்ஸ் கோப்பைத் திறக்கும் முன்பே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அப்கிரேட் பாதியில் நின்று, "ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்" கொடுத்ததும் நூற்றுக்கணக்கான பேக்கேஜை நீக்கவா என்று கேட்டால் "என்" (வேண்டாம்) என்று அடித்துவிட்டு அப்படியே நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் மீட்பது சுலபம்.

"டிரஸ்டட்=யெஸ்" போட்டு ஏற்கெனவே எதையாவது நிறுவிவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரெப்போவை நீக்கினாலும் நிறுவியது உள்ளேயே இருக்கும். அதைப் பார்ப்பவர் /வார்/லாக்/ஆப்ட் கோப்புறையில் ஹிஸ்டரி கோப்பைத்தான் முதலில் கேட்பார். எந்தத் தேதியில் என்ன நுழைந்தது என்று அதில் வரிசையாக இருக்கும், அதையும் அழித்துவிட்டுக் கூப்பிடாதீர்கள்.